ஒரே எண்ணில் இரண்டு கால்கள்

வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, மரியபுஷ்பம் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. ‘நிமிர்’ கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி அவளைத் தடுத்தார். அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

“இந்த லெட்டர் இருக்கு. அடியில கையெழுத்துப் போட்ட ரிஸ்வானா யாரோ, அவங்களை வெளியே வரச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்.”

அவள் நின்றதுதான் விசேஷம். தேயிலைத் தோட்டத்து லாரி ஒன்று பின்னோக்கி நகர்ந்து வந்தபோது அவளுடைய இடது கால் தொடையோடு போய்விட்டது. இப்போது அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது இதே கம்பெனி செய்த கால்.

ரிஸ்வானா இறங்கி வந்தாள். முப்பத்திநாலு வயது, மென்பொருள் பிரிவில் எட்டு வருட அனுபவம். அவள் பெயர் போட்ட கடிதங்கள் இதுவரை முப்பத்தியொரு பேருக்குப் போயிருந்தன. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் நேரில் வந்ததில்லை.

“நீங்கதானா? என்னைத் திருடின்னு எழுதியிருக்கீங்க.”

“அப்படி எழுதலைங்க. நகல் மென்பொருள்னுதான்...”

“நான் நாலாவது வரைக்கும் படிச்சவ. என் மக வாசிச்சுக் காட்டினா. நகல்னா காப்பி. காப்பின்னா திருட்டு. வேற என்னங்க அர்த்தம்?”

ரிஸ்வானா கதவைத் திறந்து பிடித்தாள். “உள்ளே வாங்க, உக்காந்து பேசலாம்,” என்றாள்.

கடிதத்தில் இருந்தது இதுதான். உங்கள் காலில் ஓடும் மென்பொருள் வேறொரு காலிலிருந்து நகலெடுக்கப்பட்டது என்று தெரியவருகிறது. எனவே வருகிற வெள்ளிக்கிழமை காலை அது நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட கால் மடங்காது, நிமிராது. வெறும் அலுமினியக் கட்டை. அதைக் கட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் ஏற முடியாது. கொழுந்து பறிக்கப் போகாதவளுக்கு எஸ்டேட் லயத்தில் வீடும் கிடையாது.

“நான் எங்கேயும் எதையும் காப்பி எடுக்கலைங்க. ஆஸ்பத்திரியில டாக்டரு டப்பாவைப் பிரிச்சு, என் கண்ணு முன்னாலதான் மாட்டிவிட்டாரு. அந்தக் காலுக்கு நம்பருன்னு ஒண்ணு இருக்குன்னே இந்த லெட்டர் வந்தப்புறம்தான் தெரியும்.”

“ஒவ்வொரு காலும் முதல் தடவை ஸ்விட்சைப் போட்டதும் தனக்குத்தானே ஒரு நம்பர் வெச்சுக்கும்,” என்றாள் ரிஸ்வானா. “முப்பத்தெட்டு இலக்கம். அதை நாங்க குடுக்கிறது இல்லை.”

“ஏன்? நீங்களே குடுத்தா என்ன?”

“குடுத்தா எந்தக் கால் யாருக்குப் போச்சுன்னு எங்ககிட்ட கணக்கு இருக்கும். முன்னாடி ஒரு தடவை நோயாளிகள் பேரெல்லாம் வெளியே கசிஞ்சு, கால் இல்லாதவங்கன்னு தெரிஞ்சு வேலையை விட்டே நிறைய பேரை அனுப்பிட்டாங்க. அப்புறம் சட்டமே வந்துச்சு. உடம்புல மாட்டுற எந்தக் கருவிக்கும் ஆள் பேர் இருக்கக் கூடாது. அந்த நம்பர் மட்டும்தான் அதுக்கு அடையாளம். உங்களுக்கு லெட்டர் வந்ததுகூட ஆஸ்பத்திரி மூலமாத்தான். உங்க பேரே எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“சரி, அது கெடக்கட்டும்,” என்றாள் மரியபுஷ்பம். “ரெண்டு மாசத்துல இந்தக் காலு என்னை மூணு தடவை கீழ தள்ளிவிட்டிருக்கு. அதுக்கு யாரு லெட்டர் போடுறது?”

“எப்படித் தள்ளுச்சு?”

“சுத்துதுங்க. சரிவுல கூடையோட நின்னுட்டு இருப்பேன். அது பாட்டுக்கு மேலே தூக்கும், முன்னால தள்ளும், கீழே அமுக்கும், பின்னால இழுக்கும்.” அவள் வலது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். மறுபடியும் போட்டாள்.

ரிஸ்வானா அந்தக் கையையே பார்த்தாள். “சைக்கிள் ஓட்டுவீங்களா?”

“எஸ்டேட் சரிவுல எவங்க சைக்கிள் ஓட்டுவா? தொட்டதுகூட இல்லை.”

கீழ்த்தளத்தில் பயிற்சி அறை இருந்தது. அங்கே நின்ற இடத்திலேயே ஓட்டுகிற சைக்கிளில் ரிஸ்வானா அவளை ஏற்றி உட்கார வைத்தாள். மரியபுஷ்பம் பயந்துபோய் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடது கால் பெடலைத் தொட்டதும் அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. சீராக, வருடக்கணக்காகப் பழகிய கால் மாதிரி அது மிதித்தது. அவளுடைய சொந்தக் கால்தான், வலது கால், பெடலிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது.

மனிதக் காலுக்குத் தெரியாத வித்தை இயந்திரக் காலுக்குத் தெரிந்திருந்தது. வேறு யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நிமிர் கால்கள் அப்படித்தான் கற்றுக்கொள்ளும். பகலெல்லாம் ஆள் எப்படி நடக்கிறார் என்று கவனித்துச் சாயங்காலம் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை அலசித் திருத்தி, விடிவதற்குள் திருப்பி அனுப்பும். ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டு எது வந்தாலும் அது ஒரே ஆளின் நடை என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். ஒரே எண்ணில் இரண்டு கால்கள் வந்தால் இரண்டு பேருடைய நடையும் ஒரே பானையில் கொதிக்கும்.

அப்படி வரும் இரண்டாவது காலைக் கண்டுபிடித்து நிறுத்துகிற மென்பொருளுக்கு ‘நகல்பிடி’ என்று பெயர். அதை எழுதியது ரிஸ்வானா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது ஓடும். இரண்டு கால்கள் தற்செயலாக ஒரே எண்ணை வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா என்று போன வருடம் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். “உலகத்தில் ஒவ்வொருத்தரும் தினம் ஒரு புதுக் கால் மாட்டினாலும், சூரியன் அணைகிற வரைக்கும் அப்படி நடக்காது,” என்று அவள் சொன்னாள். கைதட்டினார்கள். அந்த வருடத்துக் கோப்பை அவளுக்குத்தான்.

அவள் மேஜைக்குத் திரும்பி, மரியபுஷ்பத்தின் காலில் இருந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: உடனே உதவி மையத்தைக் கூப்பிடவும். பக்கத்து நாற்காலியில் மரியபுஷ்பத்தின் முழங்கால் கிர்ரென்று அதிர்ந்தது. “எனக்கா?” என்றாள் அவள். “உங்களுக்கும்,” என்றாள் ரிஸ்வானா.

சில நிமிடத்தில் உதவி மையம் ஒரு அழைப்பை அவள் போனுக்குத் திருப்பிவிட்டது.

“ஏங்க, காலு உங்களைக் கூப்பிடச் சொல்லுது. என் பேரு வைரக்கண்ணு. வேதாரண்யத்துக்குப் பக்கம், தபால்காரனா இருக்கேன்.”

“சைக்கிள்லயா போறீங்க?”

“பின்னே? முப்பது வருசமா சைக்கிள்தான். ஆனா இப்ப ரெண்டு மாசமா பெரிய தொந்தரவா இருக்குங்க. நல்ல தார் ரோட்டுல போயிட்டு இருப்பேன், இடது காலு திடீர்னு மலையில நிக்கிற மாதிரி ஒருக்களிச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டு தடவை வாய்க்கால்ல விழுந்துட்டேன், தபாலோட. நம்ம ஊர்ல மலை ஏதுங்க? கண்ணுக்கு எட்டுன மட்டும் உப்பளம்.”

மரியபுஷ்பம் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “அண்ணே! அது என் காலு! தேயிலைக்குள்ள அப்படித்தான் ஒருக்களிச்சு நிக்கணும்!”

“அப்ப என் சைக்கிளை ஓட்டிட்டுத் திரியுறது நீதானா தங்கச்சி?”

இருவரும் சிரித்தார்கள். ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வைரக்கண்ணுவைக் காலின் உள்பக்கத்தில் உலோகத்தில் அடித்திருக்கும் எண்ணை, சர்வருக்குப் போகாத தயாரிப்பு எண்ணை, படிக்கச் சொன்னாள். மரியபுஷ்பத்தின் காலிலும் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு. தொழிற்சாலையில் வேறு வேறு நாளில் செய்த இரண்டு அசல் கால்கள். முதல் இரண்டு இலக்கம் மட்டும் ஒன்றே: பதினான்கு, உற்பத்தித் தொகுதியின் எண். பதினான்காவது லாட்.

நகல்பிடியின் பட்டியலைத் திறந்து, ஆஸ்பத்திரிகள் அனுப்பியிருந்த உலோக எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பத்தியொன்றும் பதினான்கில் தொடங்கின. இத்தனை மாதத்தில் அந்தப் பத்தியை யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

மரியபுஷ்பத்தைக் கம்பெனி விருந்தினர் அறையில் தங்க வைத்துவிட்டு, மறுநாள் காலை ரிஸ்வானா உற்பத்திப் பிரிவுக்குப் போனாள். அங்கே சூப்பர்வைசர் செல்லதுரை. காலின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும்.

“அண்ணா, பதினாலாவது லாட்ல என்ன மாத்துனீங்க?”

“பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஆட்டத்தை அளக்கிற சென்சார் பழையது கிடைக்கலைன்னு வேற ஒண்ணு வாங்குனாங்க. நல்ல சாமான்தான். என்ன, கண்ணு முழிக்க ரெண்டு செகண்டு ஆகும்.”

“ரெண்டு செகண்டா?”

“ஆமாங்க. பழசு ஸ்விட்சைப் போட்டதும் முழிச்சுக்கும். பதினஞ்சாவது லாட்டுக்கு மறுபடி பழசே கிடைச்சிடுச்சு.”

ரிஸ்வானா அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கால் தனக்கு எண் வைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஆட்டச் சென்சாரில் எப்போதும் ஒரு நடுக்கம் இருக்கும். மேஜை மேல் அசையாமல் வைத்தால்கூட இருக்கும். அந்த நடுக்கத்தை எடுத்து, கடிகார நேரத்தைக் கலந்து, உள்ளே இருக்கும் வெப்பத்தையும் சேர்த்துத்தான் எண் பிறக்கும். ஆனால் மென்பொருள் ஒரு செகண்டிலேயே சென்சாரைக் கேட்டுவிடும். தூங்கிக்கொண்டிருக்கும் சென்சார் பூஜ்யம் என்று சொல்லும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த காலில் கடிகாரமும் ஓடத் தொடங்கியிருக்காது. எல்லாக் காலிலும் அது ஒரே நேரத்தில்தான் நிற்கும்.

“அப்படின்னா மிச்சம் இருக்கிறது வெப்பம் மட்டும்தான்,” என்றாள் மெல்ல. “அதுவும் முழு டிகிரியில.”

“புரியலீங்க.”

“இருபத்தெட்டு டிகிரியில பொறந்த காலுக்கெல்லாம் ஒரே நம்பர், அண்ணா. இருபத்தொன்பதுல பொறந்ததுக்கெல்லாம் இன்னொரு நம்பர்.”

வால்பாறைக் குளிரில் மாட்டிய காலும், வேதாரண்யத்தில் ஏசி போட்ட அறையில் மாட்டிய காலும் பதினெட்டு டிகிரியில் கண் விழித்திருந்தன. பதினான்காவது லாட்டில் வெளியே போன கால்கள் நாற்பத்தெட்டு. அவை பிறந்தபோது வைத்துக்கொண்ட எண்கள் வெறும் பதினேழு. மிச்சம் முப்பத்தியொரு பேர் திருடர்கள்.

செல்லதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். “நாங்க மாத்துனது உங்களுக்குச் சொல்லலை. நீங்க ஒரு செகண்டுதான் காத்திருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் தப்பே பண்ணலைங்களே அம்மணி, அப்புறம் எப்படி இது நடந்துச்சு?”

அன்று மத்தியானமே அவள் தொழில்நுட்பத் தலைவர் செந்தூரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை; களைத்துப்போனவர். அடுத்த மாதம் மூன்று மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நிமிர் கால் போவதாக இருந்தது. இரண்டு வருடமாக அதற்காக ஓடியவர் அவர்.

“அந்த அம்மாவுக்குப் பதினஞ்சாவது லாட்ல ஒரு புதுக் கால் குடுத்து அனுப்பிடு. தபால்காரருக்கும் ஒண்ணு அனுப்பிடு. விஷயம் முடிஞ்சது.”

“மத்த முப்பது பேர், சார்? அவங்க கால் நின்னு மாசக்கணக்கா ஆச்சு.”

“அவங்க யாரும் கேக்கலையே.”

“கேட்டாங்களான்னு நாம பாத்தோமா?”

செந்தூரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரிஸ்வானா, நகல்பிடி உன் குழந்தை. உன்னைத்தான் மேடையில ஏத்திக் கோப்பை குடுத்தாங்க. வியாழக்கிழமைக் கூட்டத்துல நீயே எந்திரிச்சு அதைப் போட்டு உடைக்கப் போறியா? நல்லா யோசிச்சுக்கோ. நான் தடுக்க மாட்டேன். ஆனா யோசிச்சுக்கோ.”

அவள் யோசிக்கத்தான் செய்தாள். மரியபுஷ்பம் சந்தோஷமாக ஊர் திரும்புவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. புதன்கிழமை காலையில், ஏதோ தோன்றி, உதவி மையத்தின் பழைய அஞ்சல்களைத் தேடினாள். நகல் கடிதத்துக்கு வருகிற பதில்களை ‘நடவடிக்கை தேவையில்லை’ என்ற கோப்புக்குள் போடச் சொல்லி ஒரு விதி இருந்தது. அதை எழுதியதும் அவளே. திருடர்கள் சாக்குப்போக்குச் சொல்வார்கள் என்று அப்போது நினைத்தாள்.

உள்ளே எழுபத்திரண்டு பதில்கள். விழுப்புரத்து ஆசிரியை ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘காலை வழிபாட்டில் பிள்ளைகள் முன்னால் கால் நின்றுவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எதையும் திருடவில்லை. திருடவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்றாவது சொல்லுங்கள்.’ அந்தக் கடைசி வரியை ரிஸ்வானா பலமுறை படித்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு செல்லதுரையைக் கூப்பிட்டு, கிடங்கில் பதினான்காவது லாட்டில் சீல் பிரிக்காத ஐந்து பெட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கூட்ட அறைக்குள் அவள் தள்ளுவண்டியோடு நுழைந்தாள். பின்னால் மரியபுஷ்பம். மேஜையின் தலைமாட்டில் கம்பெனியைத் தொடங்கிய வசந்தகோகிலம் உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயது, வெள்ளைக் காட்டன் சேலை, அவருக்கும் ஒரு கால் நிமிர்தான்.

“யாரும்மா இவங்க?”

“நாளைக்கு நாம நிறுத்தப் போற காலுக்குச் சொந்தக்காரங்க, மேடம். அஞ்சு நிமிஷம் குடுங்க. நான் எதுவும் பேசப் போறதில்லை, இவங்க ஸ்விட்சைப் போடுவாங்க, நீங்களே படிங்க.”

மரியபுஷ்பம் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தாள். முதல் காலின் ஸ்விட்சைப் போட்டாள். முழங்காலுக்குக் கீழே சின்னத் திரை ஒளிர்ந்தது.

“கடைசி ஆறு இலக்கத்தைப் படிங்க மேடம்.”

வசந்தகோகிலம் குனிந்து படித்தார். “ஏழு, பூஜ்யம், நாலு, நாலு, ஒண்ணு, எட்டு.”

இரண்டாவது கால். “ஏழு, பூஜ்யம், நாலு...” அவர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நாலு, ஒண்ணு, எட்டு.”

மூன்றாவது காலைப் படிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நான்காவதை அவர் படிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த கணக்கு அதிகாரி எழுந்து வந்து படித்தார். அதே ஆறு இலக்கம்.

ஐந்தாவது பெட்டியை ரிஸ்வானா பால்கனிக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்தாள். பத்து நிமிடம் யாரும் எழுந்து போகவில்லை. மரியபுஷ்பம் அங்கேயே ஸ்விட்சைப் போட்டாள். வேறு எண். அதே காலை உள்ளே கொண்டுவந்து, ஏசியில் ஆறவிட்டு, பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினாள் ரிஸ்வானா. கால் பழையதையெல்லாம் மறந்துவிட்டுப் புதிதாகப் பிறந்தது. ஏழு, பூஜ்யம், நாலு, நாலு, ஒன்று, எட்டு.

“இந்தக் காலுக்கு உலகத்துல தெரிஞ்ச ஒரே சமாச்சாரம் சூடும் குளிரும்தான், மேடம்,” என்றாள் ரிஸ்வானா. “முப்பத்தியொரு பேர் எதையும் காப்பி எடுக்கலை. அவங்க செஞ்ச குத்தமெல்லாம், வேற யாரோ ஒருத்தர் காலை மாட்டின அதே டிகிரியில தங்களோட காலை மாட்டிக்கிட்டதுதான். கண்டுபிடிச்சு நிறுத்தினது என் மென்பொருள். லெட்டர் போட்டதும் நான்தான். பதில் எழுதினவங்களைப் படிக்காம விட்டதும் நான்தான்.”

வசந்தகோகிலம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு மரியபுஷ்பத்திடம் வந்தார்.

“உங்களைத் திருடின்னு எழுதிட்டோம். மன்னிச்சுக்கோங்க.”

“நான் ஒத்த ஆளுன்னா பரவாயில்லைங்க,” என்றாள் மரியபுஷ்பம். “முப்பது பேருன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. அவங்களை யாரு எந்திரிச்சு நிக்க வைக்கிறது?”

“செந்தூரன், நகல்பிடி இன்னும் ஒரு மணி நேரத்துல நிக்கணும். தப்பு எங்களோடதுன்னு பேப்பர்லயே போடுங்க, நீங்களே எழுதுங்க. மூணு மாநிலம் காத்திருக்கட்டும், இல்லைன்னா போகட்டும்.” பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தார். “லெட்டர் அனுப்புனது நீதானே? இந்தத் தடவை லெட்டர் போடாதே. நேர்ல போ. முப்பது வீட்டுக்கும்.”

அடுத்த மூன்று நாட்கள் செந்தூரனும் ரிஸ்வானாவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எண் பிறக்கும் விதத்தைத் திருத்தி எழுதினார்கள். அவரை அவள் அப்படிச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்து பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. சென்சார் முழுதாகக் கண் விழிக்கும்வரை மென்பொருள் இனிமேல் காத்திருக்கும். அது மட்டும் போதாது என்று ரிஸ்வானா நினைத்தாள். எண் பிறக்கும் நேரத்தில் காலுக்கு உரியவர் அதைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பத்து எண்ணும்வரை ஆட்ட வேண்டும். அந்த ஆட்டத்திலிருந்துதான் எண் பிறக்கும். ஒருத்தர் ஆட்டுவது போல இன்னொருத்தர் ஆட்ட முடியாது. அவரே மறுபடி ஆட்டினாலும் அதே மாதிரி வராது.

“எப்படி ஆட்டணும்?” என்று கேட்டாள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம்.

“உங்க இஷ்டம்.”

கொழுந்துக் கூடையை உதறுவது போல அவள் காலைத் தூக்கி நாலு உதறு உதறினாள். திரையில் முப்பத்தெட்டு இலக்கம் ஓடி நின்றது. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத எண். வேதாரண்யத்தில் வைரக்கண்ணு தன் காலைத் தபால் பை போலத் தோளில் போட்டு ஆட்டியதாகப் போனில் சொன்னார். இருவருடைய நடையையும் பிரிக்கும்போது, “சைக்கிளை எடுத்துடவா?” என்று ரிஸ்வானா கேட்டாள். “எடுத்துடுங்க. அது அண்ணனுக்குத்தான் வேணும்,” என்றாள் மரியபுஷ்பம். திங்கட்கிழமை அவள் மலையேறினாள். செவ்வாய்க்கிழமை கூடையோடு சரிவில் நின்றாள்.

ஆஸ்பத்திரிகள் கேட்டுச் சொல்லி, முப்பது பேரும் முகவரி கொடுக்கச் சம்மதித்தார்கள். ரிஸ்வானா ஒரு பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். விழுப்புரத்து ஆசிரியை அவளை முதலில் வீட்டுக்குள் விடவில்லை. கால் நிமிர்ந்ததும் மெதுவாக நடந்து தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். வந்து, “இப்ப உள்ளே வாங்க,” என்றாள். ஆம்பூரில் ஒரு தோல் தொழிலாளி காலைக் குலுக்கிய குலுக்கலில் மேஜை விளக்கு உடைந்தது. தேனியில் ஒரு கிழவர் திட்டினார், அரை மணி நேரம், நிறுத்தாமல். அவள் உட்கார்ந்து கேட்டாள். ஒரு மாதத்தில் இருபத்தைந்து பேர் எழுந்து நின்றார்கள்.

மிச்சம் ஐந்து பேர். ஐந்து பேருமே தூத்துக்குடி. அவர்களில் பொன்னுலிங்கம் என்பவரின் முகவரி மட்டும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனி என்று இருந்தது. காலை எட்டு மணிக்கு அவள் அங்கே போனாள். ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பொன்னுலிங்கம் அண்ணாச்சி இருக்காரா?”

மேலே மெஷின் ரூமிலிருந்து இரும்பு ஏணியில் ஒருவர் சரசரவென்று இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கைலிக்குக் கீழே வலது முழங்கால் பளபளவென்று மடங்கி மடங்கி நிமிர்ந்தது. நிமிர் கால். பதினான்காவது லாட்.

ரிஸ்வானா கையிலிருந்த பட்டியலை மறுபடி பார்த்தாள். அந்தக் காலை அவள் ஏழு மாதத்துக்கு முன் நிறுத்தியிருந்தாள்.

“கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கியளா? ஆஸ்பத்திரியில சொன்னாவ. உக்காருங்க.”

“அண்ணாச்சி, உங்க கால்... ஓடுதே.”

“ஓடத்தானே செய்யும். நீங்க நிறுத்துன மறுவாரமே ஓட விட்டுட்டேன்.”

“எப்படி?”

“பின்னால ஓட்டை ஒண்ணு இருக்குல்லா, ஊசி குத்துறதுக்கு. வீட்டுல வச்சுக் குத்துனேன். எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் ஒரே நம்பரு. ஒரே லாக்கு. சரின்னு இங்க வேலைக்குத் தூக்கிட்டு வந்தேன். ஐஸ் ரூமுக்குள்ள வச்சுச் சும்மா ஒரு குத்து குத்துனேன். நம்பரு மாறிட்டு! காலு எந்திரிச்சிட்டு! அப்பவே வெளங்கிட்டு, இது சூட்டையும் குளிரையும் பாத்துத்தான் நம்பரு போடுதுன்னு.” அவர் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். “நம்ம ஆஸ்பத்திரியில இன்னும் நாலு பேருக்கு லாக்கு ஆகிக் கெடந்துச்சு. வரச் சொன்னேன். ஒருத்தருக்கு ஐஸ் பாளத்து மேல வச்சு, ஒருத்தருக்குக் கதவுப் பக்கம் வச்சு, ஒருத்தருக்கு மேல தகரக் கொட்டகை வெயில்ல வச்சு... ஆளுக்கொரு டிகிரி. ஒண்ணுக்கொண்ணு இடிக்காம.”

சர்வர் அந்த ஐந்தையும் புதுக் கால்கள் என்று நினைத்துப் பேசாமல் சேர்த்துக்கொண்டிருந்தது. கோப்பை வாங்கிய நகல்பிடி கண்டுகொள்ளவே இல்லை.

“இதை எங்களுக்கு எழுதியிருக்கலாமே அண்ணாச்சி,” என்றாள் ரிஸ்வானா; கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“மூணு தடவை எழுதுனேன்ம்மா.”

அவள் தலை குனிந்தாள். எழுபத்திரண்டு பதில்களை அவள் முழுதாகப் படிக்கவில்லை. அழுகிறவர்களின் கடிதங்கள் என்று நினைத்துக் கொஞ்சம் படித்துவிட்டு மூடியிருந்தாள். விடையும் அதற்குள்தான் இருந்திருக்கிறது. ஏழு மாதமாக.

பொன்னுலிங்கம் அதற்குள் போனை எடுத்துவிட்டார். “ஏய் சகாயமேரி, எல்லாரையும் கூட்டிட்டு வா. கம்பெனிக்காரப் பொண்ணு வந்திருக்கு.”

கால் மணி நேரத்தில் துறைமுகத்து ரோட்டில் நான்கு பேர் வந்தார்கள். முன்னால் ஒரு மீன்காரி, தலையில் காலிக் கூடை. பின்னால் மூன்று ஆண்கள், ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு. ஒருவர் வேண்டுமென்றே எட்டி நடை போட்டார். யாரிடமும் ஊன்றுகோல் இல்லை.

ரிஸ்வானா மனதுக்குள் எண்ணினாள். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

சகாயமேரி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இந்தப் பிள்ளையா நம்மளத் திருடின்னு எழுதுனது?”

“நான்தாங்க.”

“நேர்லயே வந்துட்டியா? சரி, வா.” அவள் ரிஸ்வானாவின் கையைப் பிடித்து ஐஸ் ரூம் பக்கம் இழுத்தாள். “முதல்ல உள்ள வந்து பாரு, இவரு எப்படிச் செஞ்சாருன்னு. கூடவே பேப்பர்ல போட்டிருந்துச்சே, இனிமே ஆட்டி நம்பரு எடுக்கணும்னு, அதையும் சொல்லிக் குடு. இவருக்கு அதுல என்னமோ சந்தேகமாம்.”

“ஆமா,” என்றார் பொன்னுலிங்கம், கனத்த கதவைத் திறந்துகொண்டே. “ஒரே படகுல ரெண்டு பேரு புதுக் கால் மாட்டுனா, ரெண்டையும் ஒரே அலையே ஆட்டிக் குடுத்துருமே, நம்பரும் ஒண்ணாயிருமே. அதை யோசிச்சியளா?”

ரிஸ்வானா யோசித்திருக்கவில்லை. பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, அந்தக் குளிருக்குள் அவர்கள் பின்னால் நுழைந்தாள்.